பாதங்களை எண்ணியவர்

எங்கள் வார்டனம்மா தலையை எண்ண மாட்டார். பாதங்களைத்தான் எண்ணுவார்.

சிரிக்காதீர்கள், காரணம் இருந்தது. சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் தங்கியிருந்த ஹாஸ்டலில் நைட் ஷிஃப்ட்காரிகள் மட்டும் அறுபது பேர். எல்லோருக்கும் செல்போன் கம்பெனியில் லைன் வேலை. விடிந்ததும் கம்பெனி பஸ் எங்களைக் கொண்டுவந்து கொட்டும். பல் தேய்த்தோமோ இல்லையோ, படுத்துவிடுவோம். ஜன்னலுக்குத் திரை கிடையாது, வெயில் நேரே முகத்தில் அடிக்கும். ஆளாளுக்குப் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வோம். ஹாஸ்டல் போர்வையோ குட்டை. தலையை மூடினால் கால் வெளியே வந்துவிடும். எட்டு மணிக்குள் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். தூங்குகிற பெண்ணின் போர்வையை விலக்கி முகம் பார்க்க அந்த அம்மாவுக்கு மனசு வராது. ஆகவே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதங்களை எண்ணி, இரண்டால் வகுத்து, நோட்டில் எழுதுவார்.

தோளில் எப்போதும் பழைய புடவைத் துண்டுகள் ஒரு கட்டு தொங்கும். எண்ணி முடித்த ஒவ்வொரு ஜோடிப் பாதத்தின் மேலும் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போவார். "பாதத்துல ஃபேன் காத்து அட்ச்சா ஜொரம் வரும்" என்பார். எண்ணியாயிற்று என்பதற்கு அதுவே அடையாளமும்.

ஒருநாள் நூற்றுப் பத்தொன்பது வந்தது. மூன்று மாடியும் நாலு தடவை ஏறி இறங்கினார். கடைசியில் பார்த்தால், எங்கள் ரூமில் ஒருத்தி ஒரு காலை மடக்கி வயிற்றோடு வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள். "ஒரு காலை இன்னாத்துக்குடி ஒளிச்சு வெச்சுக்கினு கீற? என் உசுரை வாங்கறதுக்கா?" என்று கத்தியதில் அந்த மாடியே எழுந்துவிட்டது. எங்களுக்கெல்லாம் சிரிப்பு. ஒரே ஒரு எண் குறைந்ததற்கு ஒரு மனுஷி ஏன் அப்படி வியர்த்து நடுங்குகிறாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அவர் பேச்சில் ஒரு வாசகம் தினமும் வரும். "நீ எங்க தூங்குறியோ, அங்கதான் உன்னை எழுதணும்." தீபாவளி லீவில் ஊருக்குப் போகும்போது நோட்டில் ஊர்ப் பெயரை எழுதினால் போதாது. எந்த வீடு, எந்த அறை, பக்கத்தில் யார் படுப்பார்கள் என்றெல்லாம் சொல்ல வேண்டும். நான் கோவில்பட்டிப் பக்கம். "எங்க வீட்ல ரூமே ஒண்ணுதாம்மா, எல்லாரும் வரிசையாப் படுப்போம்" என்றேன். "வரிசையில எத்தினியாவது ஆளு நீ?" என்று கேட்டு, "சுவரோரம், மூணாவது" என்று எழுதிக்கொண்டார். கிறுக்கு என்றே நினைத்தேன்.

அவருடைய பாதக் கணக்கையும் ஒருநாள் நான் ஏமாற்றினேன். என் ரூமில் இருந்த செல்விக்கு லீவு கிடைக்கவில்லை, ஊரில் அவள் அம்மாவுக்கு ரொம்ப முடியாமல் இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டாள். அன்று இரண்டாம் மாடியில் என் கட்டிலில் படுத்து என் பாதங்களை எண்ணக் கொடுத்தேன். வார்டனம்மா அடுத்த அறைக்குள் நுழைந்ததும் துண்டை உதறிப் போட்டுவிட்டு, பின்பக்கப் படியில் ஓடி, மூன்றாம் மாடியில் காலியாக இருந்த ஒரு கட்டிலில் விழுந்து, போர்வையை இழுத்து, மறுபடி கால் நீட்டினேன். நெஞ்சு அடித்த அடியில் கட்டிலே ஆடியிருக்கும். வந்தார், எண்ணினார், துண்டு போட்டார், போனார். கணக்கு அறுபது. ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

என் இடது கால் சுண்டுவிரலுக்கு நகம் கிடையாது. சின்ன வயதில் சைக்கிள் சக்கரம் தின்றுவிட்டது. அன்று அது என் நினைவுக்கே வரவில்லை.

அவர் ஒரகடத்துக்குப் பின்னால் ஒரு கிராமத்துக்காரர். வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். புருஷன் எப்போதோ போய்விட்டார். ஒரே மகன், பெயர் சவரிமுத்து. சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மூன்றாவது பயணத்தில் நடுக்கடலில் காணாமல் போனான். கப்பல் கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. அதைத் தமிழில் சொல்லச் சொல்லித்தான் முதன்முதலில் என்னைத் தன் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். நான் பி.ஏ. வரலாறு. மூன்று வருஷம் படித்துவிட்டு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தேன்.

கடிதம் சின்னதுதான். கப்பலில் இருபத்திரண்டு பேர். சாயங்காலம் ஆள் எண்ணியபோது இருபத்திரண்டு. மறுநாள் காலை எண்ணியபோது இருபத்தொன்று. மூன்று நாள் கடலில் தேடினார்கள். அவ்வளவுதான்.

"நிக்க வெச்சு எண்ணியிருக்கானுங்க" என்றார் வார்டனம்மா. "நிக்கறவனை எண்ணி இன்னாடி புண்ணியம்? தூங்கறப்போ எண்ணியிருக்கணும். ஒரு ஜோடி கால் கொறையுதேன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும்."

அன்றிலிருந்து எனக்கு அந்தப் பாத எண்ணிக்கை சிரிப்பாக இல்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் மருமகள் ஸ்டெல்லா வருவாள். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை, படப்பையில் அம்மா வீட்டோடு இருந்தாள். பிளாஸ்டிக் கவரில் ஒரு படிவம் கொண்டுவருவாள். காணாமல் போனவர் இறந்துவிட்டதாக ஏற்றுக்கொள்கிறோம் என்று மனைவியும் தாயும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் கப்பல் கம்பெனி நஷ்டஈடு, சான்றிதழ் என்று அடுத்த காரியத்தைச் செய்யும். மனைவியின் கையெழுத்து எப்போதோ ஆகிவிட்டது. தாயின் இடம் காலியாகவே இருந்தது.

"எனக்கு எதுவும் வாணாம் அத்த" என்பாள் ஸ்டெல்லா. "அவரு கீறாரா இல்லியான்னு ஒரு முடிவு சொல்லுங்க. இந்தத் தாலிய நான் போட்டுக்கினு இருக்கறதா, கழட்டறதா? ரெண்டு வருசமா இத்தையே கேட்டுக்கினு கீறேன்."

"கொஞ்சம் பொறுடி" என்பார் இவர். டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவார். அவள் தெருமுனையில் திரும்பி மறையும்வரை கேட்டிலேயே நிற்பார்.

எதற்காகப் பொறுக்கச் சொன்னார் என்பதை ஒருநாள் என்னிடம் சொன்னார். அவருடைய தாத்தாவின் அப்பாவும் சவரிமுத்துதான். அவர் பெயரைத்தான் மகனுக்கு வைத்திருந்தார்கள். அந்தச் சவரிமுத்து முதல் உலக யுத்தத்தின்போது பட்டாளத்தை ஏற்றிப்போன கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலைக்குப் போனவர். கப்பல் முழுகிவிட்டது, ஆள் இறந்தார் என்று காகிதம் வந்தது. கோயிலில் பூசை வைத்தார்கள். பெண்டாட்டி தாலியைக் கழற்றினாள். நாலைந்து வருஷம் கழித்துப் பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தன், அவனும் கப்பல்காரன், ஊருக்கு வந்தான். லண்டன் துறைமுகத்துத் தெருவில் சவரிமுத்து நின்றதைக் கண்ணால் பார்த்தேன் என்றான். கழற்றிய தாலியை அந்த அம்மாள் மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். சாகும்வரை போட்டிருந்தாள். சவரிமுத்து வரவில்லை.

"அவன் பார்த்தது நெசமா பொய்யான்னு எங்க வூட்ல நாலு தலைமுறையா சண்டை" என்றார். "அது நெசம்னா, காயிதத்துல செத்தவன் கடல்ல சாவலன்னு ஆவுதில்ல? ஒருத்தனுக்கு ஆனது இன்னொருத்தனுக்கு ஆவாதா?"

அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கணக்கெல்லாம் இப்போது போனிலேயே பார்க்கலாம் என்று கோயில் சாமியார் சொல்லியிருக்கிறார். அதை என்னிடம் தேடித் தரச் சொன்னார் வார்டனம்மா. விஷயம் உண்மைதான். யுத்தம் முடிந்து மூன்றாவது வருஷம் இங்கிலாந்தில் மக்கள் தொகைக் கணக்கு எடுத்திருக்கிறார்கள். நூறு வருஷம் பூட்டி வைத்துவிட்டு இப்போதுதான் வெளியே விட்டிருந்தார்கள். அந்த ஊரில் கணக்கு ஒரே ஒரு ராத்திரிக்கு. அன்று யார் எங்கே தங்கினார்களோ அந்த இடத்தில் பெயரை எழுதுவார்கள். வீடோ, பட்டாளத்து முகாமோ, துறைமுகத்தில் நின்ற கப்பலோ, எதுவானாலும் சரி. இதைப் படித்துச் சொன்னதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தூங்குன எடத்துலயேவா எழுதுனான்? நம்ம மாதிரியேவா?"

"ஆமாம்மா."

"அப்போ மாட்டுவாருடி" என்றார். அந்த அம்மா முகத்தில் சிரிப்பை நான் பார்த்தது அப்போதுதான். கொஞ்ச நேரம் கழித்து, "நூறு வருஷம் பூட்டி வெப்பாங்களா? என் புள்ள எங்கனா கணக்குல இருந்தா, அதுவும் நூறு வருஷம் கழிச்சுத்தான் வெளிய வருமா?" என்று கேட்டார்.

அப்புறம் தினமும் தேடல்தான். எண்ணிக்கை முடிந்து கம்பெனிக்குச் சொன்னதும் ஒரு டம்ளர் டீயோடு என் கட்டிலுக்கு வந்து, போர்வைக்கு மேலேயே தோளைத் தட்டுவார். "எழுந்துக்கிறியா கண்ணு? ஒரு அஞ்சு நிமிட்டு." ஆபீஸ் அறையில் உட்கார்ந்து போனைத் தடவுவேன். குடும்பப் பெயர் என்ன என்று கேட்கும். நமக்கு ஏது அது? அப்பா பெயரைப் போட்டுப் பார்ப்பேன், ஊர்ப் பெயரைப் போட்டுப் பார்ப்பேன், பிறந்த இடம் மெட்ராஸ் என்று போட்டால் வெள்ளைக்காரத் துரைமார் பிள்ளைகளாக வரிசைகட்டி வருவார்கள். கப்பல்களைத் தனியாகத் தேடினேன், பட்டாளத்துப் பட்டியல்களையும் விடவில்லை. அஞ்சு நிமிஷம் ஒரு மணி நேரமாகும். அவர் எதிரே உட்கார்ந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கப்பலின் பக்கம் அகப்பட்டது. கேப்டன் பெயர், வயது, பிறந்த ஊர். அடுத்தவன், அதற்கடுத்தவன், இன்ஜினியர், சமையல்காரன். வெள்ளைக்காரர் எட்டுப் பேருக்கு எட்டு வரி. அதற்குக் கீழே ஒரே வரி: இந்திய வேலையாட்கள், நாற்பத்தெட்டு.

"பேருங்க?" என்றார்.

"பேர் இல்லம்மா. எண்ணிக்கை மட்டுந்தான் போட்டிருக்கு."

"பேரு எழுதாம எப்பிடிடீ? நாப்பத்தெட்டுன்னா அதுல எவன் எவனோட அப்பன்னு எவனுக்குத் தெரியும்?"

சொல்லிவிட்டு மேஜையில் கிடந்த தன் நோட்டைப் பார்த்தார். அறுபது, அறுபது, ஐம்பத்தொன்பது, அறுபது என்று பக்கம் பக்கமாக வெறும் எண்கள். கம்பெனி கேட்டது எண்ணை மட்டும்தான். இருந்தும் அந்த நோட்டை எடுத்துப் பீரோவின் அடியில் வைத்தார்.

மறுநாள் புது நோட்டோடு வந்தார். அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, போர்வைக்குள் விழித்துக் கிடந்தேன். கட்டில் கட்டிலாக வந்து, போர்வையைத் தொடாமல், யாரையும் கேட்காமல், வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதினார். "இது ராஜாத்தி. இது முத்துமாரி. இது அந்த ஆண்டிப்பட்டிப் பொண்ணு." எல்லாம் சரியாக இருந்தது. பாதங்களைப் பார்த்தே அறுபது பேரையும் அவருக்குத் தெரியும். என் கட்டிலருகே வந்து என் பெயரை எழுதித் துண்டைப் போட்டபோதுதான் எனக்கு என் சுண்டுவிரல் நினைவுக்கு வந்தது. அப்படியானால் செல்வி போன அன்றும் அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன்.

தேடத் தொடங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. அன்று லைனில் மெஷின் கோளாறு, பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்துக் கிழித்திருந்தான். கால் இரண்டும் வீங்கி, கண் சொருகிக்கொண்டிருந்தது. தோளில் தட்டு விழுந்தது. "ஒரு அஞ்சு நிமிட்டு கண்ணு."

ஆபீஸ் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். எதையோ அடித்தேன். ஒரு வரி வந்தது. லண்டன் துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பல், கரி அள்ளுகிறவன், பிறந்த இடம் மெட்ராஸ், வயது நாற்பத்தொன்று. பெயர் வேறு. சவரிமுத்துவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"கெடைச்சிட்டாரும்மா" என்றேன்.

கருணை, அனுதாபம் என்று இப்போது கதை கட்டலாம். அதெல்லாம் இல்லை. எனக்குத் தூக்கம் வந்தது. தூங்க வேண்டும் என்பதற்காக ஒரு செத்த மனிதரை எழுப்பி உட்கார வைத்தேன்.

அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அந்த வரியை மூன்று தடவை படித்துக் காட்டச் சொன்னார். எழுத்தை விரலால் தொட்டார், திரை நகர்ந்துவிட்டது. "அய்யோ, அழிஞ்சிடுச்சா?" என்று பதறினார். மறுபடி எடுத்துக் காட்டினேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். போய்ப் படுத்ததும் தூங்கிவிட்டேன். நன்றாகவே தூங்கினேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடையில் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்துகொண்டு வந்தார். சாமியாரிடம் காட்டினார், பெயரை வெள்ளைக்காரன் தப்பாக எழுதிவிட்டான் என்று நான் சொல்லிவைத்திருந்ததையும் சேர்த்துச் சொன்னார். ஹாஸ்டல் சமையல்காரிக்கும், தண்ணீர் லாரிக்காரனுக்கும்கூடக் காட்டினார். அடுத்த ஞாயிறு ஸ்டெல்லா வந்தபோது அதை அவள் மடியில் வைத்தார்.

"பாத்தியா? செத்தாருன்னு பூசை வெச்சவரு. கப்பல்ல படுத்துக்கினு கீறாரு. நான் கையெழுத்துப் போட மாட்டேன். இனிமே இந்தக் காயிதத்தை எடுத்துக்கினு வராத."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அதன் பிறகு ஏழு மாதம் அவள் வரவில்லை. வார்டனம்மா ஆளே மாறிப்போனார். காலி அறையில் மகனுக்கென்று ஒரு கட்டிலைச் சுத்தம் செய்து போட்டார். கப்பல் ஏஜென்ட் ஆபீசுக்கு வாரம் ஒரு போன். எந்தெந்தத் துறைமுகத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஜெயில் இருக்கிறது என்று என்னைத் தேடச் சொன்னார். தேடினேன். பொய் ஒன்று சொன்னவள் நான். அதற்கு வட்டி மாதிரி தினமும் தேடினேன்.

ஒருநாள் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஸ்டெல்லா டீக்கடை ஓரம் காத்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள்.

"அக்கா, நீங்கதான கண்டுபுடிச்சுக் குடுத்தீங்க. என்கிட்ட மட்டும் சொல்லுங்க. அது நெசமா? நெசம்னா நான் இப்பிடியே இருந்துட்றேன். அந்தக் காலத்து ஆயா மாதிரி சாவற வரிக்கும் இருந்துட்றேன். எனக்கு இருபத்தாறு வயசு ஆவுது. நெசமா இல்லியான்னு மட்டும் சொல்லுங்க."

எனக்கும் அப்போது இருபத்தாறு. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே ஹாஸ்டலுக்குப் போனேன். யோசித்தால் தைரியம் போய்விடும் என்று தெரியும்.

வார்டனம்மா தோளில் துண்டுக் கட்டோடு மாடி ஏறப் போய்க்கொண்டிருந்தார்.

"அம்மா, அது அவர் இல்ல. பேரே வேற. நாந்தான் பொய் சொன்னேன். தூக்கம் வந்துச்சு, சொல்லிட்டேன்."

படியிலேயே உட்கார்ந்தார். அப்புறம் எழுந்து ஆபீஸுக்குள் போய் லேமினேட் பண்ணின காகிதத்தை எடுத்து வந்தார். அந்த வரிமேல் விரலை வைத்தார்.

"அப்போ இவன் யாரு?"

"யாரோம்மா. மெட்ராஸ்ல பொறந்த ஒரு ஆளு."

"இவனையும் வூட்ல தேடியிருப்பாங்கல்ல?"

அடித்திருந்தால்கூடத் தேவலை.

"செல்வி போன அன்னிக்கு ரெண்டு எடத்துல படுத்துக்கினு இருந்தியே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றார். குரலில் கோபமே இல்லை. "நகம் இல்லாத வெரலு இந்த ஹாஸ்டல்ல ஒண்ணுதான். அவ அம்மா சாகக் கெடக்குதுன்னு தெரியும். அவ எங்க தூங்குவான்னும் தெரியும். அதான் வுட்டேன். காலைப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும்டி. காயிதத்துல கால் இல்லியே. அதுல நீ சொன்னதை நம்பிட்டேன்."

ஸ்டெல்லாவிடம் கை நீட்டினார். அவள் கவரிலிருந்து படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். மடித்த இடமெல்லாம் கிழியத் தொடங்கியிருந்தது.

"இன்னா, இங்க ஒண்ணு எழுதாம வுட்டிருக்க?"

"கடைசியா இருந்த எடம்னு கேட்டிருக்கு அத்த. இன்னா எழுதறதுன்னு தெரியல. கப்பல் பேரைப் போட்டுடவா?"

"வாணாம்" என்றார். பேனாவை என் கையில் கொடுத்தார். "நீ எழுது. கடல்னு எழுது. அங்கதான தூங்குறான்."

எழுதினேன். அவர் வாங்கித் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டார். ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி. அவர் பெயரை அன்றுதான் எழுத்தில் பார்த்தேன். அதை இங்கே எழுதவில்லை. என் பொய்யோடு சேர்ந்து அது வர வேண்டாம். ஸ்டெல்லா அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அலறினாள். மூன்று வருஷத்து அழுகை அது. அவள் தலையைத் தடவிக்கொண்டே இவர் மாடிப் பக்கம் பார்த்தார். "மணி எட்டாவுது. எண்ணல இன்னும்" என்றார்.

நான் ஓடிப்போய் என் கட்டிலில் படுத்து, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். பாதங்களை நன்றாக வெளியே நீட்டினேன். கொஞ்ச நேரத்தில் வந்தார். முதல் கட்டில், பெயர், துண்டு. இரண்டாவது கட்டில், பெயர், துண்டு. என் கட்டிலருகே வந்து நின்றார். என் பெயரைச் சொல்லி எழுதும் சத்தம் கேட்டது. துண்டு விழவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் எட்டு மாதம் அந்த ஹாஸ்டலில் இருந்தேன். என்னோடு பேசாமல் இருக்கவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்பார், காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுப்பார். தேடச் சொல்லி மட்டும் மறுபடி எழுப்பவில்லை. தினமும் காலையில் என்னையும் சேர்த்துத்தான் எண்ணினார். ஒருநாள்கூட என் பாதத்தை மூடவில்லை.

இப்போது எனக்குக் கல்யாணமாகிப் படப்பையில் வீடு. நல்ல நீளமான போர்வை இருக்கிறது. ஆனாலும் கால்களை வெளியே நீட்டித்தான் படுக்கிறேன், குளிர்ந்தாலும் உள்ளே இழுப்பதில்லை.